வரிசை நிற்காத பள்ளிக்கூடம்

ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர் தேர்வை எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லாத தமிழ்ப் பெற்றோரை எங்கள் பக்கம் பார்ப்பது அரிது. சாய் லெங் பார்க் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் சரி, ஜாலான் பாரு கருமாரியம்மன் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாலும் சரி, பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கேதான் போய் நிற்கும். "பரீட்சையும் இல்ல, பயமும் இல்ல, படிப்பும் இல்ல" என்பார்கள். மறுத்துப் பேசுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். அவர்களும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டுக் கோப்பியைக் குடிப்பார்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 2019இல் யு.பி.எஸ்.ஆர் எழுதினான். அதுதான் கடைசி யு.பி.எஸ்.ஆர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு கோவிட் வந்து தேர்வு ரத்தானது. 2021 ஏப்ரலில் அன்றைய கல்வியமைச்சர் ராட்சி ஜிடின் ஒரேயடியாக எடுத்துவிட்டதாக அறிவித்தார். 2022 ஜூனில் படிவம் மூன்றுக்கான பிடி3யும் போனது. சின்னவள் இந்தப் புதிய முறையிலேயே ஐந்தாம் ஆண்டுவரை வந்துவிட்டாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு கல்வி முறைகளைப் பார்த்தாயிற்று. நான் கல்வியாளன் இல்லை. பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அளப்பதுதான் என் பிழைப்பு. அதனால் பள்ளியில் எதை அளக்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலான அரிப்பு உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய காலம் பொற்காலமாக ஒன்றும் இருக்கவில்லை.

யு.பி.எஸ்.ஆர் வந்தது 1988இல். தமிழ்ப்பள்ளியில் ஏழு தாள், 2016இலிருந்து எட்டு. தேசியப் பள்ளிப் பிள்ளைக்கு அதைவிட இரண்டு தாள் குறைவு. ஆனாலும் நாம் "8ஏ" என்பதை ஏதோ குலதெய்வத்தின் பெயர்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஜனவரியிலிருந்தே சனிக்கிழமை வகுப்பு, மாலை வகுப்பு, டியூஷன், அதற்குமேல் பத்திரிகையில் வரும் மாதிரித் தாள். தேர்வுக்கு முந்தைய வாரம் கோயிலில் சிறப்புப் பூசை. பேனாவையும் பென்சிலையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வருவோம். முடிவு வந்த மறுநாள் பள்ளிவேலியில் பேனர் ஏறும். 8ஏ எடுத்தவர்களின் படம் பெரிதாக. மற்றவர்கள் படம் எங்கே என்று எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை, ஏனென்றால் கேட்கவேண்டியவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

2014 நினைவிருக்கிறதா? வினாத்தாள் கசிந்தது. அறிவியலையும் ஆங்கிலத்தையும் செப்டம்பர் 30இல் மறுபடி எழுத வைத்தார்கள். அது போதாதென்று கணிதமும் தமிழும் கசிந்ததாகச் சொல்லி அக்டோபர் 9இல் இன்னொரு தடவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தேர்வுத்தாளைத் திருடி வாட்ஸாப்பில் விடுமளவுக்கு அந்தத் தேர்வுக்கு ஒரு சந்தை இருந்தது என்றால், அதில் அளக்கப்பட்டது பிள்ளையின் அறிவு மட்டும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே தேர்வை எடுத்தபோது எனக்கு வருத்தமில்லை. அதன் இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதில்தான் என் பேச்சு.

கல்வியாளர்கள் இதற்குக் கற்றல் அடைவை மையமாகக் கொண்ட கல்வி என்பார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஸ்பேடி என்பவர் இந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். புத்தகத்தில் எத்தனை பக்கம் முடித்தோம் என்று பார்க்காதே, பிள்ளையால் கடைசியில் என்ன செய்ய முடிகிறது என்று பார், அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடத்தைத் திட்டமிடு என்பது பாதிக் கருத்து. மறுபாதியைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை: வழக்கமான பள்ளியில் நேரம் எல்லாருக்கும் ஒன்று, கற்றது ஆளுக்கு ஆள் வேறு. அதைத் தலைகீழாக்கு. எல்லாரும் அடைய வேண்டியது ஒன்றாக இருக்கட்டும், அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஆளுக்கு ஆள் மாறட்டும்.

இந்த மறுபாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததே அதுதான்.

மலேசியாவில் இது பள்ளிக்குள் நுழைந்தது 2011இல், புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமான கே.எஸ்.எஸ்.ஆருடன். முதலாம் ஆண்டில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக மேலே போனது. ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், அதற்குமேல் அடைவு அளவு. தமிழ்மொழியை எடுத்துக்கொண்டால் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என ஐந்து கூறு. ஒவ்வொன்றின் கீழும் எண்ணிட்ட கற்றல் தரங்கள். எந்தப் பிள்ளை எதில் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியர் கவனித்து ஒன்றிலிருந்து ஆறுவரை ஒரு நிலை தரவேண்டும். முதலில் அதை 'பேண்ட்' என்றார்கள், பிறகு 'டிபி' ஆனது. நம் அறிக்கையில் அடைவுநிலை என்று இருக்கும்.

தொடக்கத்தில் அந்த ஆறு படிகளுக்குக் கொடுத்த விளக்கத்தைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? முதல் படி, அறிவான். இரண்டு, அறிந்து புரிந்துகொள்வான். மூன்று, அறிந்து புரிந்து செய்வான். இதுவரை சரி, தெளிவாக இருக்கிறது. நாலாம் படியில் பண்போடு செய்வான். ஐந்தாம் படியில் பாராட்டத்தக்க பண்போடு செய்வான். ஆறாம் படியில் பிறருக்கு முன்மாதிரியான பண்போடு செய்வான். பின்னக் கணக்கைப் பாராட்டத்தக்க பண்போடு போடுகிறவனையும் முன்மாதிரிப் பண்போடு போடுகிறவனையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்போம். ஆசிரியர்கள் திருப்பி அனுப்ப முடியுமா என்ன? இன்றைய ஆவணங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே விளக்கம் எழுதி எவ்வளவோ மேம்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள சந்து இன்னும் அவரவர் கண்ணளவுதான்.

அடுத்தது பதிவு. பழைய ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், 2012, 2013 என்றாலே கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு தரத்துக்கும் சான்று வைக்க வேண்டும், கோப்புப் போட வேண்டும், இணையத்தில் பதிய வேண்டும். நாடு முழுக்க ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஏறினால் அந்தச் சர்வர் படுத்துவிடும். அதனால் நள்ளிரவுக்கு மேல் இரண்டு மணி, மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பதிந்தவர்கள் உண்டு. ஆசிரியர்கள் கொதித்துப் போய்க் குரல் எழுப்பிய பிறகு 2014 ஏப்ரலிலிருந்து அந்த இணையப் பதிவையும் கோப்பு அடுக்குவதையும் தளர்த்தினார்கள். பிள்ளையைக் கவனிப்பதற்காகக் கொண்டுவந்த முறை, பிள்ளை தூங்கும் நேரத்தில் ஆசிரியரை எழுப்பிவிட்டது. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பு குறைந்தது. ஆனால் எண் மேலே போகிற வழி மாறவில்லை. ஆசிரியர் தரும் எண் தலைமையாசிரியருக்கு, அங்கிருந்து மாவட்டக் கல்வி இலாகாவுக்கு, மாநிலத்துக்கு, புத்ராஜெயாவுக்கு. அந்த எண்ணை வைத்துத்தான் பள்ளியைப் பார்ப்பார்கள்.

என் மனைவியின் தங்கை வேறு மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தீபாவளிக்கு வந்திருந்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டேன், நிஜமாகவே எப்படிப் போடுகிறீர்கள் என்று.

"மாமா, டிபி ரெண்டு போட்டா அதோட முடியாது. ஏன் ரெண்டு, என்ன குறைநீக்கல் செஞ்சீங்க, எப்ப செஞ்சீங்க, பயிற்றி எங்கன்னு வரும். மூணு போட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்ப எல்லாருக்கும் மூணா?"

"சேச்சே. ஒண்ணுமே தெரியாத புள்ளைக்கு ஒண்ணுதான் போடுவோம், ரெண்டுதான் போடுவோம். மறைக்க முடியாதுல்ல. ரெண்டா மூணான்னு சந்தேகமா இருக்குற புள்ளைதான், மூணுக்குப் போயிடும்."

எனக்கு முறுக்கு தொண்டையில் சிக்காத குறை. மூன்று என்பது குறைந்தபட்ச அடைவு. அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிற பிள்ளைதான், கொஞ்சம் கைகொடுத்தால் ஏறிவிடக்கூடிய பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் இந்த முறை காகிதத்தில் ஏற்றிவிட்டுவிட்டு மறந்துபோகிறது. இதில் ஆசிரியர்மேல் பழி போட எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் தண்டனையாகக் கூடுதல் வேலை, உண்மையைச் சற்று நகர்த்தினால் நிம்மதி என்றால், மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்? நான் வேலை செய்யும் இடத்திலும் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் நிரப்பப்படும் பரிசோதனைத் தாள்களில் எல்லா அளவுகளும் அழகாக நடுவில்தான் விழும்.

எங்கள் வீட்டு அறிக்கைக்கு வருகிறேன். சின்னவளுக்கு மலாய்மொழி வாசிப்பில் நாலு வந்திருந்தது. சந்தோஷம். செபராங் ஜெயாவில் இருப்பதில் ஒரு சௌகரியம், பினாங்கு மாநிலப் பொது நூலகத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. ஞாயிறுகளில் அவளைக் கூட்டிப்போவேன். ஒருநாள் அவளாகவே எடுத்துவந்த ஒரு மலாய்க் கதைப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். தங்கு தடையில்லை, நிறுத்தற்குறி பார்த்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். கதையில் ஒரு பையன் தெருப்பூனையைப் பெட்டியில் ஒளித்து வைத்துவிட்டு அம்மாவிடம் காலிப்பெட்டி என்கிறான். "ஏன்மா அவன் பொய் சொன்னான்?" என்று கேட்டேன். பக்கத்தைத் திருப்பி, அதே வரியை இன்னொரு முறை, இன்னும் அழகாக வாசித்துக் காட்டினாள். "அது சரி, ஏன்?" மறுபடியும் அதே வரி. அதற்கு இரண்டு பக்கம் முன்னால், அம்மாவுக்குப் பூனை என்றால் ஆகாது என்று இருந்தது. அதை இதோடு கோக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அறிக்கை பொய் சொல்லிவிட்டதா? இல்லை. வகுப்பில் பாடநூல் பத்தியை அவள் வாசித்தாள், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினாள், ஆசிரியர் நாலு போட்டார். அந்தப் பத்தியை வகுப்பில் முன்பே பேசியிருந்தார்கள், அந்தக் கேள்விகளுக்கும் பழக்கம் இருந்தது. பழகிய பாதையில் நடக்கத் தெரிகிறது என்பதற்குத் தந்த எண் அது. பழகாத பாதையைப் பற்றி அந்த எண் வாய் திறக்கவில்லை. நாம்தான் திறந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2010இல் லினுஸ் என்றொரு திட்டம் கொண்டுவந்தார்கள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளையும் எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்பது இலக்கு. இதைவிட நேரடியான அடைவு இலக்கு உண்டா? ஆண்டுக்கு இரண்டு முறை சோதனை, தனிப் பயிற்சியாளர்கள், எல்லாம் உண்டு. முடிவும் நூற்றுக்கு நெருக்கமாகவே அறிவிக்கப்பட்டது. பிறகு 2019இல் தென்கிழக்காசிய நாடுகளுக்குப் பொதுவாக ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடந்தது. அதை வைத்து உலக வங்கி 2024இல் சொன்னது: மலேசியாவில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் வாசிப்பில் எதிர்பார்க்கும் நிலையை எட்டவில்லை. நம்மைவிட ஏழை நாடான வியட்நாமில் அது 18 விழுக்காடு. அந்த மலேசியப் பிள்ளைகள் 2015இல் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள். அதாவது லினுஸ் காலத்துப் பிள்ளைகள். இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் சொல்லவில்லை. ஒன்று எழுத்துக்கூட்டி வாசிப்பதை அளந்தது, இன்னொன்று வாசித்ததைப் புரிந்துகொள்வதை அளந்தது. எந்த அடைவை எழுதி வைக்கிறோமோ அது கிடைத்துவிடுகிறது. எழுதி வைக்காதது கிடைப்பதில்லை.

பீசாவையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாராவது கேட்பீர்கள். பதினைந்து வயது மாணவர்களுக்கான அந்தப் பன்னாட்டுச் சோதனையில் மலேசியா 2018இல் கணிதத்துக்கு 440, வாசிப்புக்கு 415 எடுத்தது. 2022இல் 409, 388. நம் கல்விப் பெருந்திட்டம் 2013இல் எழுதப்பட்டபோது பதினைந்து ஆண்டுகளில் உலகின் முதல் மூன்றிலொரு பகுதி நாடுகளுக்குள் வரவேண்டும் என்று குறித்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 2018இல் எழுதிய பிள்ளைகள் பழைய கலைத்திட்டத்தில் தொடக்கப்பள்ளி முடித்தவர்கள். 2022இல் எழுதியவர்கள் முழுக்கப் புதிய முறையில் வளர்ந்தவர்கள். "பார்த்தீங்களா!" என்று குதிக்காதீர்கள். நடுவில் கோவிட் வந்து பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. எவ்வளவு சரிவு வைரஸால், எவ்வளவு முறையால் என்று பிரிக்க எந்தத் தராசும் இல்லை. ஆனால் புதிய முறை பிள்ளைகளைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று சொல்லவும் இந்த எண்ணில் இடமில்லை.

சரி, எங்கே பிசகியது? நான் வேலை செய்யும் இடத்தை வைத்துச் சொன்னால் எனக்கே விளங்குகிறது. யு.பி.எஸ்.ஆர் என்பது பொருள் பெட்டிக்குள் போகும் முன் கடைசியில் செய்யும் பரிசோதனை. அங்கே பழுது தெரிந்தால் பொருள் ஏற்கெனவே வீண். வகுப்பறை மதிப்பீடு என்பது வரிசையின் ஒவ்வொரு கட்டத்திலும் செய்யும் பரிசோதனை. எந்தத் தொழிற்சாலைக்காரனைக் கேட்டாலும் இரண்டாவதுதான் மேல் என்பான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்றாம் கட்டத்தில் பழுது தெரிந்தால் வரிசை நிற்க வேண்டும். நிறுத்தி, சரிசெய்து, பிறகுதான் நான்காம் கட்டம். நிற்கவே நிற்காத வரிசையில் கட்டத்துக்குக் கட்டம் அளந்துகொண்டிருப்பது மின்சாரச் செலவு.

நம் பள்ளியில் வரிசை நிற்பதே இல்லை. டிசம்பர் வந்தால் எல்லாரும் மேலே. பாகுபாடில்லாமல் வயதுக்கேற்ற வகுப்பு. தோற்றுப்போன பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைத்து அவமானப்படுத்தும் பழைய வழக்கம் வேண்டாம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பேடியின் மறுபாதியை எடுத்துவிட்டு முதல் பாதியை மட்டும் பிள்ளைகள்மேல் ஏற்றியிருக்கிறோம். அடைய வேண்டியது எல்லாருக்கும் ஒன்று. நேரமும் எல்லாருக்கும் ஒன்று. கணக்கு எப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போகாத கணக்கை ஒப்பேற்றத்தான் ரெண்டு மூணாகிறது.

நேரத்தை மாற்றுவது நமக்கு வராத வித்தையும் இல்லை. 1996இல் பி.டி.எஸ் என்று மூன்றாம் ஆண்டில் ஒரு தேர்வு வந்தது, ஞாபகம் இருக்கும். அதில் தேறினால் நான்காம் ஆண்டைத் தாண்டி நேராக ஐந்தாம் ஆண்டு போகலாம். சில வருடம் நடந்து, பிறகு எடுத்துவிட்டார்கள். ஆக, வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு நேரத்தைக் குறைக்கத் தெரிந்த நாடு இது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுத்த இடம் ஒன்றே ஒன்றுதான்: தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் மலாய்மொழியில் போதிய அடைவு இல்லாமல் வருகிற பிள்ளைக்கு, படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு. காகிதத்தில் பார்த்தால் இந்த நாட்டிலேயே அடைவுக் கல்விக்கு உண்மையாக இருக்கும் ஏற்பாடு அதுதான். உனக்கு இன்னும் நேரம் வேண்டும், எடுத்துக்கொள் என்கிறது. நடப்பில்? பெரும்பாலான பள்ளிகளில் யாருக்கும் வேண்டாத வகுப்பு அது. அங்கே போய்ச் சேர்ந்து, அடுத்த ஆண்டு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு படிவம் ஒன்றில் உட்கார்ந்து, படிவம் மூன்றோடு படிப்பை விட்ட பையன்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள், உங்கள் தெருவிலும் இருப்பார்கள். முன்பு யு.பி.எஸ்.ஆர் தாள் அந்த வகுப்புக்கு அனுப்பியது. இப்போது ஆசிரியர் தரும் அடைவுநிலை அனுப்புகிறது. தன் மாணவனை அங்கே தள்ளப்போகும் எண்ணைத் தன் கையாலேயே போட எந்த ஆசிரியருக்குக் கை வரும்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த முறை உருப்படியாக நடக்கத் தக்க இடம் ஒன்று இருக்கிறது, அது நம் கையில்தான் இருக்கிறது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து நம் கதை வருகிறது. இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள், நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேல். நாடு முழுக்கப் பார்த்தால் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை 150 பிள்ளைகளுக்கும் குறைவான சிறிய பள்ளிகள். தோட்டம் போய்விட்டது, வீடமைப்பு வந்துவிட்டது, பள்ளி மட்டும் பெயரில் தோட்டத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளை, பத்துப் பிள்ளை. ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் தெரியும், தாத்தா பேரும் தெரியும். எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று சொல்ல அவருக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. நாற்பது பேர் வகுப்பில் கற்பனைகூடச் செய்ய முடியாத வசதி இது. பிள்ளையைக் கவனித்து, அவரவர் வேகத்தில் கொண்டுபோகும் கல்விக்கு இதைவிடத் தோதான இடம் உலகத்திலேயே கிடையாது என்பேன்.

நாம் என்ன செய்கிறோம்? அந்தப் பள்ளியை 8ஏ காலத்துக் கண்ணால் பார்த்து, "சின்ன ஸ்கூல்ங்க, போட்டியே இல்ல" என்று சொல்லிவிட்டு, நகரத்துப் பெரிய பள்ளியில் இடத்துக்கு அலைகிறோம். இலாகா என்ன செய்கிறது? அந்த எட்டுப் பிள்ளை வகுப்பு ஆசிரியருக்கும் பெரிய பள்ளியில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் அத்தனை பொறுப்பையும் கொடுக்கிறது: பாடநூல், விளையாட்டு, நூலகம், ஒழுங்கு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பு. ஒரே பாடத்தைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து அடைவுநிலையை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு ஓர் ஆசிரியர்தான். யாரோடு ஒப்பிடுவது? அக்கம்பக்கத்து நாலு சிறிய பள்ளிகளைச் சேர்த்து உட்கார வைத்தால் போதும். பெரிய செலவே இல்லை.

வெளியூரையும் ஒரு பார்வை பார்க்கலாம். தென்னாப்பிரிக்கா இந்த முறையை 1997இல் ஆரவாரமாக எடுத்துக்கொண்டு 2010இல் கைகழுவியது. பயிற்சியும் புத்தகமும் போதாத பள்ளிகளில் ஆசிரியர்கள் படிவம் நிரப்பியே களைத்தார்கள். தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த நாற்பது பல இடங்களில் கேட்டதும் கொடுக்கும் நாற்பதாகிவிட்டது என்று அங்கே குறைபடுவார்கள். ஆனால் 2022இல் அவர்கள் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் இருக்கும் நிலைக்கேற்பப் பிரித்து, அந்த நிலையிலிருந்தே சொல்லிக்கொடுப்பது. அங்கேயும் செயலியில் பதிவது பெரிய தொல்லை என்று ஆசிரியர்கள் புலம்புகிறார்கள், அது வேறு. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்ற எண்ணம் சரி.

நம் அரசும் சும்மா இல்லை. நான்காம் ஆண்டிலிருந்து கல்வியாண்டு இறுதித் தேர்வு ஒன்று வந்துவிட்டது, எல்லாரும் உவாசா என்கிறோம். பழையபடி ஏ, பி, சி. அது வந்ததும் பெற்றோர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! டியூஷன் மையங்களின் முகத்திலும்தான். 2027இல் புதிய கலைத்திட்டம் வருகிறது என்கிறார்கள். 2022 டிசம்பரில் கல்வியமைச்சரான பத்லினா சிடேக் நமக்கு அக்கம்பக்கம், நிபோங் திபால் எம்.பி. அவர் காதுக்கு எட்டுமென்றால் இரண்டு விஷயம் சொல்வேன். டிபி ஒன்று, இரண்டு போடும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள், உதவி அனுப்புங்கள். துணையாசிரியரோ வாரத்துக்குச் சில மணி நேரமோ, ஏதாவது. இன்னொன்று, ஆறாம் ஆண்டில் பேனர் கட்டும் தேர்வு வேண்டாம், நான்காம் ஆண்டில் பள்ளிக்கு வெளியிலிருந்து யாராவது வந்து, பிள்ளை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தரவரிசை வேண்டாம், பத்திரிகைச் செய்தி வேண்டாம். சரிசெய்ய இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

அடைவுக் கல்வி பள்ளிகளில் பலன் தருகிறதா என்று கேட்டால், என் பதில்: தரவில்லை, ஏனென்றால் முழுசாகக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. அதற்காக யு.பி.எஸ்.ஆரைத் திருப்பிக் கொண்டுவா என்று கோஷம் போடுபவர்களோடு நான் இல்லை. அந்தத் தேர்வு இருந்த காலத்திலும் இதே பிள்ளைகள் பின்னால்தான் நின்றார்கள், பேனரில் இல்லாததால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அடுத்த முறை அடைவுநிலை அறிக்கை வாங்கப் பள்ளிக்குப் போகும்போது "டீச்சர், எத்தனை நாலு, எத்தனை அஞ்சு?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளைக்கு இன்னும் எது வரல டீச்சர்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் உண்மையைச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது. ஆசிரியர்கள் எழுதினால் பெயர் போடாமல் வெளியிடுகிறேன்.